9999 போட்டும் மேலே வராத மெனு

கொஞ்சம் நீண்ட பதிவு. ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

'இசட்' என்ற எழுத்தைக் கேட்டாலே உயர்தரம் எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு பதற்றம் வரும். இசட் புள்ளி எவ்வளவு, கொழும்பு மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு என்பதுதான் எங்கள் ஊரில் அந்த எழுத்துக்குள்ள அர்த்தம். இன்று நாங்கள் எழுதப்போவது இன்னொரு இசட்டைப் பற்றி. ஒரு வலைப்பக்கத்தில் இரண்டு பொருட்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது எது மேலே தெரிய வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ். கட்டளை அது. பெயர் இசட்-இன்டெக்ஸ். கணித பாடத்தில் எக்ஸ் அச்சு இடமிருந்து வலம், வை அச்சு கீழிருந்து மேல். மூன்றாவதான இசட் அச்சு திரையிலிருந்து உங்கள் கண்ணை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் கூடக்கூடப் பொருள் உங்களுக்குக் கிட்ட வரும். அவ்வளவுதான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரிய இலக்கத்தைப் போட்டால் வேலை முடிந்தது என்று 9999 போடுகிறார்கள். வரவில்லையென்றால் இன்னும் இரண்டு ஒன்பது.

நாங்கள் கொழும்பில் தமிழ் மொழிமூலம் ஐ.சி.டி. படிப்பிக்கிறவர்கள். எங்கள் வகுப்புகளுக்கு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். உயர்தரப் பாடத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். எல்லாம் இருக்கின்றன. ஆனால் நிறம், எழுத்து, பெட்டி, இடைவெளி என்று போகும்போதே தவணை முடிந்துவிடும். எது எதன் மேல் நிற்கிறது என்ற கதைக்கு நேரம் கிடைப்பதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஏதாவது செய்யத் தொடங்கும்போதுதான் இந்தப் பிரச்சினை வந்து முன்னால் நிற்கும்.

அப்படித்தான் ஒரு குழு, பழைய பாடப்புத்தகங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் கைமாற்றுவதற்கு ஒரு சின்னப் பக்கம் செய்தது. நல்ல எண்ணம். ஒரு வீட்டில் அலுமாரிக்கு மேல் தூசி பிடிக்கிற புத்தகத்தை இன்னொரு வீட்டில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பக்கம் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள். மேலே ஒரு பட்டை, அதில் மெனு. அதற்குக் கீழே அகலமான ஒரு படம், படத்தின் மேல் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு.

ஆங்கிலத்தில் அழகாக வந்தது. சிங்களத்திலும் பிழையில்லை. தமிழுக்கு மாற்றினால் மெனுவில் பாதியைக் காணவில்லை. காணாமல் போனது 'பதிவு செய்தல்'. புத்தகம் வேண்டும் என்று கேட்கிற பிள்ளை அமத்த வேண்டிய இடமே அதுதான்.

காரணம் எங்கள் மொழியின் நீளம். 'பாஸ்ட் பேப்பர்ஸ்' என்று ஆங்கிலத்தில் சின்னதாக முடிகிற இடத்தில் நாங்கள் 'கடந்தகால வினாத்தாள்கள்' என்று எழுத வேண்டும். 'புக்ஸ்' என்பது 'புத்தகங்கள்' ஆகிறது. நாலு சொல்லும் ஒரு வரிக்குள் அடங்கவில்லை, இரண்டாவது வரிக்கு இறங்கின. மேல் பட்டைக்கோ 60 பிக்சல் உயரம் என்று கட்டளையில் அடித்து எழுதியிருந்தது. ஆகவே இரண்டாவது வரி பட்டைக்கு வெளியே வழிந்து படத்தின் பகுதிக்குள் விழுந்தது. படம் அதை மூடிவிட்டது.

குழுவில் இருந்த ஒரு பிள்ளை உடனே மெனுவுக்கு இசட்-இன்டெக்ஸ் 9999 போட்டார். படத்துக்கு இருந்தது வெறும் 1. ஆனாலும் படம்தான் மேலே. "சேர், கொம்பியூட்டருக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதிலை நாங்கள் விடைத்தாள் கட்டுகளை வைத்துச் சொன்னோம். மேசையில் இரண்டு கட்டு இருக்கிறது. கீழே 10 ஏ வகுப்பின் கட்டு, அதற்கு மேல் 10 பி வகுப்பின் கட்டு. இரண்டும் நூலால் கட்டியிருக்கின்றன. 10 ஏ கட்டுக்குள் ஒரு தாளை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறீர்கள். அது 10 ஏ கட்டில்தான் முதலாவது. அதற்கு மேல் 10 பி கட்டு முழுவதுமாக உட்கார்ந்திருக்கிறது. 10 பி கட்டின் கடைசித் தாள்கூட அந்த முதலாவது தாளுக்கு மேலேதான் இருக்கும். கட்டை அவிழ்க்காமல், அல்லது கட்டையே தூக்கி மேலே வைக்காமல், உள்ளே இருக்கும் ஒரு தாள் மேலே வர முடியாது.

வலைப்பக்கத்திலும் இப்படிக் கட்டுகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஸ்டேக்கிங் கொன்டெக்ஸ்ட் என்பார்கள். வகுப்பில் நாங்கள் 'கட்டு' என்றே சொல்கிறோம். ஒரு இலக்கம் தன் கட்டுக்குள் மட்டும்தான் செல்லும். 9999 என்பது அந்தக் கட்டுக்குள் இருக்கிற மற்றவர்களோடு ஒப்பிடுவதற்கான இலக்கம். பக்கத்துக் கட்டில் இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எவ்வளவு புள்ளி என்பதோடு எந்த மாவட்டப் பட்டியலில் நிற்கிறீர்கள் என்பதும் சேர்ந்துதான் கெம்பஸ் கிடைக்குமா என்று முடிவாகிறது. (அந்த முறை சரியா பிழையா என்ற விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.)

சரி, மெனுவை யார் கட்டிப்போட்டது? இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பாடவேளை போனது. மேல் பட்டைக்கு யாரும் இசட்-இன்டெக்ஸ் கொடுக்கவில்லை. ஆனால் பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று ஒபாசிட்டி 0.95 என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். பின்னால் இருப்பது இலேசாகத் தெரியும் கண்ணாடி மாதிரி. அந்த ஒரு வரிதான் நூல். ஒபாசிட்டி ஒன்றுக்குக் குறைந்தால், 0.99 ஆனாலும் சரி, அந்தப் பெட்டியும் அதற்குள் இருக்கிற எல்லாமும் ஒரே கட்டாகிவிடும். அந்தக் கட்டு பூச்சியம் என்ற மட்டத்தில் நிற்கும். படமோ ஒன்றில் நிற்கிறது. பூச்சியத்துக்குள் இருக்கும் 9999 ஒன்றுக்குக் கீழேதான்.

ஏன் இப்படி ஒரு விதி என்று கேட்டால் காரணம் இருக்கிறது. ஒரு பெட்டியை முழுமையாக மங்கலாக்க வேண்டுமென்றால் பிரவுசர் முதலில் அதை ஒரே படமாக வரைந்து எடுத்து, பிறகு அந்தப் படத்தை மங்கலாக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒரு துண்டு மட்டும் வெளியே போய் வேறு யாருடனோ அடுக்கில் நிற்பதென்றால் அதைச் செய்ய முடியாது. ட்ரான்ஸ்ஃபோர்ம், ஃபில்டர் போன்ற கட்டளைகளும் இதே மாதிரிக் கட்டுப் போடும். பொசிஷன் ஃபிக்ஸ்ட், பொசிஷன் ஸ்டிக்கி இரண்டும் அப்படியே. பொசிஷன் ரிலேட்டிவ், அப்சொலூட் என்றால் மட்டும் கூடவே இசட்-இன்டெக்ஸில் ஓர் இலக்கமும் கொடுத்தால்தான் கட்டு விழும். பிள்ளைகள் படத்தை ஆட வைக்கவும் சுழல வைக்கவும் இணையத்தில் கண்ட வரிகளை அப்படியே எடுத்து ஒட்டும்போது, அதற்குள் ஒரு ட்ரான்ஸ்ஃபோர்ம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எதுவுமே கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கோப்பில் பின்னால் எழுதியது முன்னால் எழுதியதற்கு மேலே விழும். சாதாரணமாக ஓடும் பெட்டிகளுக்கு மேலே, பொசிஷன் கொடுத்த பெட்டிகள். பொசிஷன் இல்லாத சாதாரணப் பெட்டிக்கு இசட்-இன்டெக்ஸ் எழுதினால் பிரவுசர் அதைக் கணக்கிலேயே எடுக்காது. ஃபிளெக்ஸ், கிரிட் பெட்டிகளின் நேரடிப் பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. "இலக்கம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு விடை இதுதான்.

இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. பிரவுசர்கள் இந்த எண்ணை 32 பிட்டில் வைத்துக்கொள்வதால் 2147483647க்கு மேல் போக முடியாது. இருநூற்றுப் பதினாலு கோடிக்கும் மேல். இதைத் தொட்டு நிற்கும் விளம்பரப் பெட்டிகளும் இருக்கின்றன என்றால் சிரிப்பீர்கள்.

மீண்டும் எங்கள் புத்தகப் பக்கத்துக்கு வருவோம். ஒபாசிட்டி வரியை எடுத்துவிட்டு, பின்னணி நிறத்தை மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கச் சொன்னோம். நிறத்துக்குள்ளேயே எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்று கொடுக்கலாம். அதனால் கட்டு விழாது. செய்தார்கள். 'பதிவு செய்தல்' டக்கென்று படத்துக்கு மேலே வந்தது. லெப்பில் ஒரே கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "மெனு மேல வந்தது சரி சேர். இப்ப கீழ இருக்கிற தலைப்ப வாசிக்க ஏலாதே."

பார்த்தால் உண்மை. தமிழ் மெனுவின் இரண்டாவது வரி, படத்தின் மேல் இருந்த தமிழ்த் தலைப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றது. முதலில் படம் மெனுவை மறைத்தது, இப்போது மெனு தலைப்பை மறைக்கிறது.

அந்தப் பிள்ளை சொன்னதுதான் இந்த விடயத்தின் மையம் என்று நாங்கள் நினைக்கிறோம். இரண்டு பொருட்கள் ஒரே இடத்தில் விழுந்தால், எது மேலே என்று கேட்பதற்கு முன்னால், ஏன் ஒரே இடத்தில் விழுந்தன என்று கேட்க வேண்டும். கீழே விரியும் பட்டியல், எச்சரிக்கைப் பெட்டி மாதிரியானவை ஒன்றின் மேல் ஒன்று வரவேண்டும் என்றே செய்யப்படுபவை. அவற்றுக்கு அடுக்கு இலக்கம் தேவை. ஆனால் ஒரு மெனுவின் இரண்டாவது வரிக்கு அடுக்கு தேவையில்லை, நிற்பதற்கு நிலம் தேவை. பட்டையின் உயரம் 60 என்று ஆங்கிலச் சொற்களைப் பார்த்து முடிவெடுத்த இலக்கம். 'ஹைட்' என்ற சொல்லை 'மின்-ஹைட்' என்று மாற்றினார்கள். குறைந்தது 60, வேண்டுமென்றால் வளரலாம் என்று அர்த்தம். பட்டை தமிழுக்கு இரண்டு வரி உயரத்துக்கு வளர்ந்தது, படம் தானாகக் கீழே இறங்கியது. 9999ஐ அழித்துவிட்டார்கள். இசட்-இன்டெக்ஸே தேவைப்படவில்லை.

மூன்று மொழியில் இயங்கும் நாட்டில் இது ஒரு குழுவின் பக்கத்தோடு நிற்கிற விடயமில்லை. வடிவமைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆங்கிலத்தில் பரிசோதிக்கப்படுகிறது, தமிழ் கடைசியில் வந்து அதே அச்சுக்குள் ஊற்றப்படுகிறது. காலி வீதியில் ஆங்கிலப் பெயருக்குப் பலகை அளந்துவிட்டுப் பிறகு தமிழை நெருக்கி எழுதியிருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். திரையிலும் அதே நெருக்கம். பலகையில் எழுத்து சிறுத்துப்போகும், திரையில் எழுத்து இன்னொன்றின் கீழே போய்விடும். இதில் கெட்ட எண்ணம் இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. தமிழில் ஒருமுறை திறந்து பார்க்க அந்த மேசையில் ஆள் இருப்பதில்லை. எங்கள் பிள்ளைகள் நாளைக்கு அந்த மேசையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் படிப்பிக்க இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். கொஞ்ச நாளைக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் எங்களில் ஒருவர் போட்டோகொப்பி எடுக்க நின்றார். பிள்ளைக்கு ஏதோ ஒரு பாடநெறிக்கு விண்ணப்பிக்க ஒரு தாய் வந்திருந்தார். கடைசி நாள். போனில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது, 'சமர்ப்பி' என்ற பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. "நானா, அமத்தி அமத்திப் பாக்கிறன், ஒண்டும் நடக்குதில்லை" என்று நெருப்பில் நிற்கிற மாதிரி நின்றார். அந்தப் படிவத்தின் வலது மூலையில் உரையாடலுக்கென்று ஒரு வட்டம் மிதந்துகொண்டிருந்தது. சின்னத் திரையில் அது நேராகப் பொத்தானின் மேல் உட்கார்ந்திருந்தது. அமத்தியதெல்லாம் அந்த வட்டத்துக்குத்தான் போயிருக்கிறது. கடைக்காரர் சி.எஸ்.எஸ். படித்தவரில்லை. "அக்கா, போனைப் படுக்கப் போட்டுப் பாருங்க" என்றார். போனைத் திருப்பியதும் திரை அகலமாகி, பொத்தான் ஒருபக்கமும் வட்டம் ஒருபக்கமுமாகப் பிரிந்தன. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவர் கடையில் இல்லாத ஒரு நாளாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளையின் ஒரு வருடம் போயிருக்கும்.

அங்கே வட்டமாவது கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் மூடி நிற்பதும் உண்டு. மூடிவிட்ட ஒரு அறிவிப்புப் பெட்டியை, ஒபாசிட்டியைப் பூச்சியமாக்கி மட்டும் மறைத்திருப்பார்கள். கண்ணுக்கு இல்லை, விரலுக்கு இருக்கிறது. திரை முழுக்க ஒரு கண்ணாடித் தகடு போட்ட மாதிரி, எதை அமத்தினாலும் தகட்டில்தான் படும். விசிபிலிட்டி ஹிடன் அல்லது டிஸ்ப்ளே நன் என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. தகடு அங்கேயே நிற்க வேண்டுமென்றால் பொயின்டர்-இவென்ட்ஸ் நன் என்று ஒரு வரி. தொடுகை அதைத் தாண்டிக் கீழே போகும். ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகளே, இந்த மூன்றையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு நாங்கள் சொல்வது வேறு. பிள்ளை "சைட் வேலை செய்யுதில்லை" என்றால் உடனே ஏச வேண்டாம். போனைக் குறுக்கே திருப்பிப் பாருங்கள். போனின் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருந்தால் கொஞ்ச நேரத்துக்குக் குறைத்துப் பாருங்கள். வயதானவர்களின் போனில் பெட்டிகள் முட்டிக்கொள்வதற்கு இது ஒரு பெரிய காரணம். குரோமில் மூன்று புள்ளியை அமத்தினால் கணினிக்குரிய தோற்றத்தில் பக்கத்தைத் திறக்கும் தெரிவு இருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால் மொழியை மாற்றிப் பாருங்கள். தமிழில் மறைந்த பொத்தான் ஆங்கிலத்தில் தெரிந்தால் பிழை உங்கள் போனில் இல்லை.

சி.எஸ்.எஸ். என்ற யோசனையை ஹொகோன் வியும் லீ முதலில் வெளியிட்டது 1994 ஒக்டோபரில். 1996 டிசம்பரில் வந்த முதல் பதிப்பில் இசட்-இன்டெக்ஸ் கிடையாது. 1998 மே மாதம் வந்த இரண்டாவது பதிப்பில்தான் வந்தது. 2000களில் வெள்ளவத்தை நெட் கபேக்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இருந்தவர்களுக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 நினைவிருக்கும். அதில் தெரிவுப் பட்டியல் பெட்டி இருக்கிறதே, அதற்கு மேல் எதை வைத்தாலும் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். எந்த இலக்கத்துக்கும் மசியாது. அதை மறைக்க ஒரு வெற்றுச் சட்டகத்தை நடுவில் சொருகி ஏமாற்றினார்கள். அந்தக் காலத்து வாப்பாமாருக்கு அது வெறும் 'கம்பியூட்டர் ஸ்டக்'.

இப்போது வசதி கூடியிருக்கிறது. எச்சரிக்கைப் பெட்டிகளுக்கு டயலொக் என்று தனி உறுப்பு இருக்கிறது. அதை மோடலாகத் திறந்தால் எல்லாக் கட்டுகளுக்கும் மேலே உள்ள ஒரு தனித் தட்டில் போய் நிற்கும், இலக்கமே தேவையில்லை. 2022 முதல் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பொப்ஓவர் என்பதும் அதே தட்டுக்குப் போகும். அது எல்லாவற்றிலும் வந்து சேர 2024 ஆனது. ஆகவே வீட்டில் பழைய போன் பாவிப்பவர்களை நினைத்துக்கொண்டு பாவியுங்கள். ஐசொலேஷன் என்ற கட்டளைக்கு ஐசொலேட் என்று கொடுத்தால், வேறு எந்தப் பக்கவிளைவும் இல்லாமல் நீங்களாகவே ஒரு கட்டுப் போடலாம். ஒரு படத்தை எழுத்துக்குப் பின்னால் தள்ள −1 போட்டதும் படமே காணாமல் போகிறதா? அது பெற்றோர்ப் பெட்டியின் பின்னணிக்கும் பின்னால் போய்விட்டது. பெற்றோர்ப் பெட்டிக்கு இந்த ஐசொலேட்டைக் கொடுங்கள், உள்ளேயே நிற்கும்.

எங்கள் லெப்பில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். இலக்கங்கள் 1 முதல் 5 வரை மட்டும். எது எதற்கு என்று கோப்பின் தலையில் எழுதிவைக்க வேண்டும். ஆறாவது இலக்கம் வேண்டுமென்று யாராவது வந்தால், முதலில் எஃப் 12ஐ அமத்தி, மறைந்த பெட்டியிலிருந்து ஒவ்வொரு பெற்றோராக மேலே ஏறிப்போய் எங்கே கட்டு விழுந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். இதுவரை ஆறு யாருக்கும் கிடைக்கவில்லை.

புத்தகப் பக்கம் இப்போது மூன்று மொழியிலும் சரியாக நிற்கிறது. அடுத்ததாகப் பிள்ளைகள், தமிழில் திறக்கும்போது எழுத்து மறைந்துபோகும் பக்கங்களைச் சேகரிக்கிறார்கள். எந்த வரி எதன் கீழே போயிருக்கிறது, என்ன மாற்றினால் சரிவரும் என்று எழுதி, அந்தந்த இடத்துக்கே மரியாதையாகத் தமிழில் மின்னஞ்சல் அனுப்பப்போகிறார்கள். உங்கள் போனில் அப்படி ஏதாவது கண்டால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து எங்களுக்கு அனுப்பிவையுங்கள். முழுத் திரையும் வரட்டும், போன் மொடலையும் எழுதுங்கள். அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி இலக்கமோ அதில் இருந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். மறைப்பதற்கு மார்க்கர் பேனை மாதிரி ஊடுருவித் தெரிகிற நிறம் வேண்டாம், முழுக் கறுப்புப் பெட்டியாகப் போடுங்கள்.